விற்ற வண்டியும் விற்க முடியாத நினைவும்

(திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். நிர்வாகக் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)



உரையாற்ற வேண்டும் என்று ஆலயச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது நான் தயங்கினேன். நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பின்னர் மலாய்மொழிப் பள்ளிக்குச் சென்று, இன்று புத்ராஜெயாவில் கோப்புகளோடு காலம் கழிக்கும் ஓர் அரசாங்க ஊழியன். "எதைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டேன். "உங்கள் அப்பாவின் லேண்ட் ரோவரைப் பற்றிப் பேசுங்களேன். அதை மறக்காதவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் அந்த வண்டியை விற்றவன் நான்தான். அதைச் சபையில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதால் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ஒரு நண்பரின் கதை

முதலில் என் அலுவலக நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். இளமையில் அவர் சிவப்பு நிற மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினார். 1989ஆம் ஆண்டில் அறிமுகமான அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டே இருக்கைகள், மேற்கூரையை மடக்கிவிடலாம். திருமணமாகி முதல் குழந்தை பிறந்தது. மூவர் அமர அதில் இடமில்லை. விற்றுவிட்டார். விற்ற அன்றே உறக்கம் போயிற்று என்பார்.

பிறகு பல ஆண்டுகள் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, ஜொகூர் வரை சென்று, அதே நிறத்தில், அதே ஆண்டில் செய்யப்பட்ட இன்னொன்றை வாங்கி வந்தார். மூன்று மாதங்கள் ஓட்டினார். பின்பு அதையும் விற்றுவிட்டார். காரணம் கேட்டபோது, "காரில் குறையில்லை. அதை ஓட்டிய இருபத்தைந்து வயது இளைஞனைத்தான் காணோம்" என்றார்.

அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஓர் இரும்புப் பெட்டிக்காக இவ்வளவு வருத்தமா என்று கேலி செய்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கைப்பிடி பல ஆண்டுகளாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நம் மலையின் பந்தய வண்டி

பட்டணத்து இளைஞனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால், கேமரன் மலையில் பிறந்த நமக்கு லேண்ட் ரோவர். நாட்டில் வேறெங்கும் காண முடியாத அளவுக்குப் பழைய லேண்ட் ரோவர்களை இம்மலைச் சரிவுகளில் நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். வெளியூர் விருந்தினர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதும் உண்டு. இவ்வண்டி எப்படிப் பிறந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில் இருந்த தம் பண்ணையில், அமெரிக்க இராணுவத்தின் பழைய ஜீப் ஒன்றை அவர் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்து போனால் அதற்கு மாற்றாக எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. மாற்று எதுவும் கிடைக்காது என்று கண்டவர், தாமே ஒன்றைச் செய்யத் துணிந்தார். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் உலகத்தார் பார்வைக்கு வைக்கப்பட்டது. பழைய வண்டி ஒன்றுக்கு மாற்றுத் தேடிய மனிதரின் தேடலில் பிறந்ததே இவ்வண்டி என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

அப்போது பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். தகடுகளைத் தட்டையாகவே வைத்தார்கள். அதனால் எந்தச் சிறு பட்டறையிலும் சுத்தியலும் ஆணியும் கொண்டு பழுது பார்க்க முடிந்தது. நம் மலையின் மழையில் அந்த அலுமினியம் துருப்பிடிக்கவில்லை. ஆனால் அடியில் இருக்கும் சேசி எஃகினால் ஆனது. சேறும் ஈரமும் அதற்குள் புகுந்து, உள்ளிருந்தே தின்றுவிடும். மேலே பார்த்தால் வண்டி திடமாக நிற்கும். அடியில் படுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். குறிப்பாகப் பின்புறக் குறுக்குச் சட்டம் முதலில் போய்விடும். பழைய லேண்ட் ரோவர் வாங்கப் போகிறவர்கள் முதலில் அங்கேதான் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் இராணுவத்தாரோடு இவ்வண்டிகளும் காட்டுப் பாதைகளில் ஓடின. இராணுவம் கழித்த வண்டிகள் பிற்காலத்தில் ஏலத்திற்கு வந்தபோது, அவற்றுள் பல இம்மலையின் காய்கறித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. செங்குத்தான சரிவு, வழுக்கும் களிமண், ஓயாத மழை இவற்றுக்கிடையே முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்க அதைவிடப் பொருத்தமான வண்டி நமக்கு வாய்க்கவில்லை.

அப்பாவும் வண்டியும்

என் தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பது அவர் வேலை. 1986ஆம் ஆண்டில், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஈப்போவில் ஒருவரிடமிருந்து இராணுவத்தில் ஓடிக் கழிந்த லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கி வந்தார். 1971 முதல் 1985 வரை செய்யப்பட்ட மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது அது. சக்கரங்களுக்கு இடையே 88 அங்குலம். தோட்டத்துக் குறுகிய வளைவுகளில் திரும்ப அந்தக் குட்டை வண்டிதான் ஏற்றது.

அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? பாதி சீட்டுப் பணம். மீதி, அம்மாவின் கழுத்துச் சங்கிலியை ஈப்போ அடகுக்கடையில் வைத்து வாங்கியது. அந்தச் சங்கிலி மீண்டு வர மூன்றாண்டுகள் ஆயின. அந்த மூன்றாண்டுகளும் அம்மா மஞ்சள் கயிறு மட்டுமே அணிந்து பெரட்டுக்குப் போனார்.

காலையில் தோட்ட வேலை. பிற்பகலில் அப்பா தம் சொந்த வண்டியில், அண்டைக் காய்கறித் தோட்டங்களிலிருந்து கம்போங் ராஜா சந்திப்பு வரை மூட்டை ஏற்றிக் கூலி பெறுவார். சிம்பாங் பூலாயிலிருந்து இங்கு வரும் சாலை அப்போது கிடையாது. அது 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான் திறக்கப்பட்டது. ஈப்போவுக்குப் போக வேண்டுமானால் தானா ராத்தா, ரிங்லெட் கடந்து, 1931இல் முடிக்கப்பட்ட பழைய மலைப்பாதை வழியே தாப்பா வரை இறங்கிச் செல்ல வேண்டும். அப்பாதையின் எண்ணற்ற வளைவுகளில் நானும் என் அக்காளும் பின்புறப் பலகையில் அமர்ந்து, வாந்தியெடுத்துக்கொண்டே உலகம் பார்த்தோம்.

அவ்வண்டியை எழுப்புவது ஒரு கலை. குளிர்ந்த காலையில் சோக்கை முக்கால் பங்கு இழுக்க வேண்டும். முழுவதும் இழுத்தால் எஞ்சின் பெட்ரோல் குடித்து மூச்சுத் திணறும். இழுக்காவிட்டால் எழவே எழாது. பேட்டரி தளர்ந்த நாள்களில், முன்புறத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகி, கையால் சுழற்றி எழுப்புவார். கைப்பிடியைப் பற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் விரல் ஒடிந்துவிடும். நான் எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கற்ற பாடங்களில் இதுவும் ஒன்று.

கியர்த் தண்டின் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். மஞ்சளை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் வண்டி தாழ்ந்த வேகத்திற்கு மாறி, யானை போல் மலையேறும். "மஞ்சள் மழைக்கு, சிவப்பு சரிவுக்கு" என்று அப்பா சொல்லிக் கொடுத்தார்.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் பலருக்கு இன்னொன்று நினைவிருக்கும். 1990ஆம் ஆண்டுகளில் நம் ஆலய ரதத்தின் விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை இழுத்துச் சென்றது அந்த வண்டிதான். ரதம் முன்னே நகர, அப்பா சிவப்புக் குமிழை இழுத்து, நடக்கும் வேகத்தில் பின்னே வருவார். விடியும் வரை இருக்கையை விட்டு இறங்கமாட்டார். அதற்கு ஒரு காசும் வாங்கியதில்லை. யாரேனும் வண்டியை விலைக்குக் கேட்டால், "வித்துட்டு நாளைக்கு கோஸ எதுல ஏத்துறது?" என்று சிரித்தபடி மறுத்துவிடுவார்.

நான் செய்தது

2008ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசுக்கு ஒரே இரவில் உயர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். எங்கள் வண்டியோ பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. வண்டியின் பின்புறக் குறுக்குச் சட்டம் துருவேறி, கையால் தொட்டாலே உதிர்ந்தது. நான் வேலையில் சேர்ந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வசதியான புதிய கார் ஒன்று வாங்க எண்ணினேன். கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாகவே வந்தது.

ஈப்போவிலிருந்து இடைத்தரகர் ஒருவரை நானே வரவழைத்தேன். 5,500 வெள்ளிக்கு விலை பேசினேன். வண்டியின் கிராண்ட் அப்பாவின் பெயரில் இருந்ததால் அவர் கையெழுத்து வேண்டும். பெயர் மாற்றும் பாரத்தை நானே நிரப்பி, "இங்கே போடுங்கப்பா" என்று விரலால் காட்டினேன். அவருக்குத் தமிழில் கையெழுத்திட மட்டுமே தெரியும். மெதுவாக எழுதினார். "விற்கலாமா அப்பா?" என்று நான் கேட்கவில்லை. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வண்டி சந்திப்பைத் தாண்டி மறைந்த பிறகு அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, சோக்கை முக்கால்வாசிதான் இழுக்கணும்னு அந்த ஆளுகிட்ட சொன்னியா?"

நான் சொல்லியிருக்கவில்லை. "சொன்னேம்பா" என்று பொய் சொன்னேன்.

அன்று மாலை அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வராமலே சொன்னார்: "அது உங்கப்பா வண்டி மட்டும் இல்லப்பா. என் சங்கிலி மூணு வருசம் அதுலதான் கிடந்துச்சு."

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது. மாலை வேளைகளில் அப்பா நாற்காலியை அந்தக் கறைக்கு அருகே போட்டு உட்காருவார். சில நாள்கள் கழித்து, கதவுக்குப் பின்னால் அந்த இரும்புக் கைப்பிடி நிற்பதைக் கண்டோம். வண்டியோடு கொடுக்க மறந்திருந்தேன். அப்பா அதை எடுத்துத் துடைத்து, எண்ணெய் பூசி, அங்கேயே வைத்தார். நான் வாங்கிய புதிய காரில் பின் இருக்கையில் அமர்ந்துதான் வருவார். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. 2014ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

தேடல்

கருமாதி முடிந்து வீட்டைத் துப்புரவு செய்தபோது அப்பாவின் பழைய குறிப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது. எண்ணெய் மாற்றிய தேதிகள், கொடுத்த கூலி, வாங்கிய கூலி என்று எல்லாம் அதில் இருந்தன. முதல் பக்கத்தில் வண்டியின் பதிவெண்ணும் சேசி எண்ணும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்றுதான் என் தேடல் தொடங்கியது.

உண்மையைச் சொன்னால், அரசாங்க ஊழியனான எனக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் பதிவெண்ணைக் கொடுத்துக் கேட்டிருந்தால் இன்றைய உரிமையாளர் யார் என்பது தெரிந்திருக்கக்கூடும். கேட்கவில்லை. பொதுமக்கள் நம்மிடம் ஒப்படைத்த விவரங்களை நம் சொந்த ஏக்கத்திற்காகப் புரட்டிப் பார்ப்பது முறையன்று. ஆகவே பட்டறை பட்டறையாகத் தேடினேன்.

விடுமுறை நாள்களில் பிரிஞ்சாங், தெர்லா, ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்கு, கீழே தாப்பா, ஈப்போ எனப் பல இடங்களுக்குச் சென்றேன். போகுமிடமெல்லாம் வண்டிகளின் முன்புற வலப்பக்கத்தில், ஸ்பிரிங் பட்டை பொருந்தும் இடத்தில் குனிந்து, அழுக்கைத் துடைத்து எண்ணைப் படித்தேன். என் மனைவி, "கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வண்டிக்கு அடியில் அடியில் விழுந்து கும்பிடுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

2016ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் பழைய வடிவத்தின் வழிவந்த கடைசி லேண்ட் ரோவர் வெளிவந்தது. 67 ஆண்டுகளாக நீண்ட அந்த வரிசை அத்துடன் முடிந்தது. அதன்பின் நான் விசாரித்த இடங்களில் எல்லாம் விலை ஏறியிருந்தது. நான் 5,500 வெள்ளிக்கு விற்ற வகை வண்டிக்குப் பல மடங்கு கேட்டார்கள்.

மனம் சோர்ந்திருந்த வேளையில் எனக்கு ஊக்கமளித்தது ஓர் உண்மைச் செய்தி. 1955ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஐரோப்பா, பாரசீகம், இந்தியா, பர்மா, தாய்லாந்து கடந்து, நம் மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரிடப்பட்ட வண்டி பின்னர் அட்லாண்டிக் பெருங்கடலின் செயிண்ட் ஹெலனா தீவில் போய் ஒதுங்கியது. நெப்போலியன் சிறையிருந்த தீவு அது. அங்கே பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்த வண்டியை ஆர்வலர் ஒருவர் தேடிக் கண்டு, இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து சீர்படுத்தினார். 2019 ஆகஸ்டில் அதே வண்டி சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, டிசம்பரில் இலண்டன் போய்ச் சேர்ந்தது. முதல் பயணத்தில் சென்ற டிம் ஸ்லெஸர் உடல்நலக் குறைவால் போக முடியாமல் போகவே, அவருடைய பேரன் அவ்விருக்கையில் அமர்ந்து சென்றார். அவ்வளவு தொலைவில் தொலைந்தது திரும்பி வருமானால், நம் மலையில் தொலைந்தது எங்கே போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்டுகொண்டேன்

அதே 2019ஆம் ஆண்டின் இறுதியில், நம் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முன்னொரு காலத்தில் அப்பாவின் வண்டியின் இடப்புறப் பின்பகுதியில் கிழிசல் விழுந்தபோது, அலுமினியத் துண்டு ஒன்றைப் பன்னிரண்டு ஆணிகளால் இறுக்கி ஒட்டுப் போட்டவர் அவர். ஓர் ஆணி கோணலாகப் போய்விட்டதாம். "கிளந்தான் எல்லையைத் தாண்டி லோஜிங் பக்கம் போயிருந்தேன். என் கோணல் ஆணியைப் பார்த்தேன்" என்றார்.

மறுவாரமே போனேன். லோஜிங் மலைச் சரிவில் ஒரு காய்கறித் தோட்டம். கொட்டகையின் கீழ் அவ்வண்டி நின்றது. பச்சை நிறம் போய் நீல நிறம் பூசியிருந்தார்கள். பின்புறச் சட்டம் புதிதாக வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. குனிந்து எண்ணைப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்தில் நான் மனப்பாடம் செய்திருந்த அதே எண். ஓட்டுநர் கதவின் உட்புறத்தில், நான் சிறுவனாக இருந்தபோது ஆணியால் கீறிய "அ" என்ற எழுத்து நீல வண்ணத்தின் கீழும் தடவினால் தெரிந்தது.

தோட்டக்காரர் அறுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். மலாயில் பேசிக்கொண்டோம். என் கதையை முழுவதும் கேட்டார். நான் 20,000 வெள்ளி தருகிறேன் என்றேன். வங்கியில் கடன் பெறவும் ஆயத்தமாக இருந்தேன். அவர் சிறிது நேரம் மலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, பணம் நல்ல பணம்தான். ஆனால் இதை விற்றுவிட்டால் நாளைக் காலை முட்டைக்கோஸை எதில் இறக்குவேன்?"

அன்பர்களே, என் தந்தையாரின் குரலை அயல்மொழியில் கேட்டது போல் இருந்தது. அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

"ஓட்டிப் பார்" என்று சாவியைக் கொடுத்தார். நான் சோக்கை முக்கால் பங்கு இழுத்தேன். முதல் சுழற்சியிலேயே எழுந்தது. பெரியவர் திகைத்துப் போனார். பதினோரு ஆண்டுகளாகச் சோக்கை முழுவதும் இழுத்து, ஒவ்வொரு காலையும் கால்மணி நேரம் போராடுவாராம். 2008இல் நான் சொல்லாமல் விட்டதை அன்று சொல்லி முடித்தேன். அப்பாவிடம் சொன்ன பொய்யைத் திருத்த வேறு வழி எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த முறை சென்றபோது இரும்புக் கைப்பிடியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டை விரலை எங்கே வைப்பது என்பதையும் காட்டினேன். கதவுக்குப் பின்னால் வெறுமனே நின்றதற்கு, அங்கே போய் ஒரு வேலை கிடைத்தது. அம்மாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கினார். ஆனால், "நல்ல காரியம் செஞ்ச" என்றார்.

மாற்று எது?

பிறகு 2021ஆம் ஆண்டில் நானும் ஒரு லேண்ட் ரோவர் வாங்கினேன். அதே மூன்றாம் வரிசை, அதே 88 அங்குலம். என் நண்பரின் சிவப்புக் காரை நினைத்து மிகவும் தயங்கித்தான் வாங்கினேன். அப்பாவின் வண்டி போல ஆக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வாங்கியிருந்தால் மூன்று மாதங்களில் நானும் விற்றிருப்பேன். இதற்கு அந்தப் பச்சை நிறத்தையும் நான் பூசவில்லை. இது வேறு வண்டி. இதற்கு வேறு நோய்கள், வேறு பிடிவாதங்கள். இதற்குச் சோக்கைப் பாதி இழுத்தாலே போதும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

என் மைத்துனர் வீட்டுக் கொட்டகையில் அது நிற்கிறது. மாதத்தில் இரண்டு வாரஇறுதிகளில் நான் மலையேறி வருகிறேன். நம் ஆலய இளைஞர் பிரிவைச் சேர்ந்த இருவர் என்னோடு சேர்ந்து அதன் அடியில் படுத்து வேலை கற்கிறார்கள். சேசியின் துருவைச் சுரண்டுகிறார்கள். பிரேக் கழற்றிப் பூட்டுகிறார்கள். அவர்களுள் ஒருவர் இப்போது தொழிற்பயிற்சிக் கல்லூரியில் வாகனப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். இவ்வாண்டுத் திருவிழாவில் அன்னதானத்திற்குத் தண்ணீர்த் தொட்டியை இழுத்து வந்தது அந்த வண்டிதான் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டியவர் அந்த இளைஞர். நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.

அப்பாவின் வண்டிக்கு மாற்றாக எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இல்லை.

நிறைவாக

இளைஞர்களுக்கு மூன்று செய்திகளைச் சொல்லி அமர விரும்புகிறேன்.

முதலாவது: வீட்டில் எந்தப் பழைய பொருளையும் விற்பதற்கு முன், அதனால் உழைத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டியானாலும் தையல் இயந்திரமானாலும் அம்மிக்கல்லானாலும் சரி. அவர் சம்மதிக்கலாம், என் தந்தையாரும் சம்மதித்திருக்கலாம். நான் விற்றது தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன். கண் மங்கிய முதியவர் அந்த வண்டியை ஓட்டியிருக்கக் கூடாது. கேட்காமல் விற்றதுதான் தவறு. கையெழுத்து வாங்குவதும் சம்மதம் வாங்குவதும் ஒன்றல்ல. நாள்தோறும் பொதுமக்களிடம் கையெழுத்து வாங்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது: பெரியவர்களுக்குத் தெரிந்தவற்றை எழுதி வையுங்கள். அப்பா எண்ணை எழுதி வைத்திருந்தார். ஆகவே வண்டியைக் கண்டுபிடிக்க முடிந்தது. சோக்கு முக்கால் பங்கு என்பதை அவர் எழுதவில்லை. அது என் கையில் மட்டும் இருந்தது. இத்தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய கைகளுக்கும், கவாத்து வெட்டிய கைகளுக்கும், லோரி ஓட்டிய கைகளுக்கும் தெரிந்த எத்தனையோ செய்திகள் எந்த ஏட்டிலும் இல்லை. நம் பாட்டிமார் இன்று இந்த மண்டபத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். நாளை கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது: போனதை அப்படியே திரும்பப் பெற முயல வேண்டாம். போனது இன்னொருவர் கையில் உழைத்துக்கொண்டிருந்தால் மகிழ்ச்சி கொள்ளுங்கள். அந்தச் சீனப் பெரியவர் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் எங்கள் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் அனுப்புகிறார். தீபாவளிக்கு அம்மா அவருக்கு முறுக்கு அனுப்புகிறார். வண்டி திரும்பி வந்திருந்தால் இந்த உறவு வந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. நேற்று மாலை ரதம் புறப்பட்டபோது அம்மா வாசலில் நின்று, பின்னால் வந்த புதிய ஜெனரேட்டர் லோரியைப் பார்த்தார். "சத்தம் வேற மாதிரி இருக்கு" என்றார். பிறகு, அன்னதானப் பந்தலுக்கு அருகே நின்ற என் வண்டியிடம் நடந்து சென்று, அதன் முன்பக்கத்தில் கொஞ்சம் விபூதி பூசிவிட்டு வந்தார். அவ்வண்டிக்கு எங்கள் வீட்டில் இடம் கிடைத்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.